பிரேக் பிடிக்காத கூட்டம்

பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஜெர்மனிக்கு அனுப்புகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள், அனுப்பவில்லை. ஒரு முத்திரைகூட விழாத அந்த நீலப் புத்தகம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகிறது. ஆகவே இந்த ஆடி மாதம் வெளிநாடே கிளம்பி ஓசூருக்கு வந்தபோது, விடக்கூடாது என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

வந்தது பெண்களுக்கான சைக்கிள் பந்தயம். பல நாட்டு அணிகள், நான்கு நாள், தினமும் ஒரு பாதை. நான் வேலை பார்க்கும் கம்பெனி பேரிங் செய்கிறது. பந்தயத்துக்கு உதவியவர்களில் எங்கள் முதலாளியும் ஒருவர். ஒவ்வொரு அணியின் காரிலும் ஊர்ப்பேச்சு தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் நிறையப் பேர். நான்கையும் எழுதவும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவளும் நான்தான். இதை வாய்ப்புக் கிடைக்கிற இடத்தில் எல்லாம் சொல்லிவிடுவேன். இங்கேயும் சொல்லியாகிவிட்டது.

எனக்குக் கிடைத்த காரில் மூன்று பேர். முன்னால் அணியின் மேலாளர் மார்த்தா. நெதர்லாந்துக்காரர், ஒரு காலத்தில் தானே பந்தயம் ஓட்டியவர், இரண்டு முழங்காலிலும் தழும்பு. கார் ஓட்டியவர் ஓசூர் டாக்சிக்காரர் முனிராஜ் அண்ணன். பிறந்த வீட்டில் தெலுங்கு, மனைவியிடம் கன்னடம், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தமிழ். பின் சீட்டில் நானும் உதிரிச் சக்கரங்களும் தண்ணீர் பாட்டில் நிரம்பிய ஐஸ் பெட்டியும்.

அணியில் ஐந்து பேர் ஐரோப்பாப் பெண்கள். ஆறாவது பெண் பவித்ரா, நம் அஞ்செட்டி மலைப்பக்கம். மாடும் ஆடும் ராகிக் கொல்லையும் உள்ள வீடு. பள்ளியில் கொடுத்த சைக்கிளில் மலைப்பாதையை ஏறி ஏறியே கால் பழகியவள். இந்தப் பந்தயத்துக்கு மட்டும் அவளைச் சோதனையாகச் சேர்த்திருந்தார்கள்.

"அடுத்த வருஷத்துக்கு அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது," என்றார் மார்த்தா முதல் நாள் காலையில். "மலை ஏறுவதில் மற்ற ஐந்து பேரையும்விட அவள் நன்றாக ஏறுகிறாள். ஆனால் கூட்டத்துக்குள் அவளை யாரும் நம்பவில்லை. இந்த நான்கு நாளில் அது மாறவில்லை என்றால் என்னால் கூட்டிக்கொண்டு போக முடியாது."

சைக்கிள் ஓட்டுவதற்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மத்திகிரி மாட்டுப் பண்ணை வேலி ஓரமாகப் பந்தயம் கிளம்பியது. நான் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில் நின்று கை ஆட்டினார். பந்தயக்காரிகளுக்கு இல்லை, காரில் இருந்த எனக்கு. கொடி அசைந்ததும் அந்தக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. பேரிங் சுற்றும் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது பிரிப்பது என் பிழைப்பு. இத்தனை சக்கரங்கள் ஒன்றாகச் சுற்றிய அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறுகூட இல்லை.  முன் சக்கரத்துக்கும் அதற்கு முன்னால் போகிறவளின் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. அந்த நெருக்கத்தில், டவுன் பஸ் வேகத்தில் போகிறார்கள்.

"இப்படி ஒட்டிக்கிட்டுப் போறாங்களே, பயமா இருக்காதா?" என்றார் முனிராஜ்.

மார்த்தாவிடம் கேட்டுச் சொன்னேன். காற்றுதான் காரணமாம். முன்னால் போகிறவள் காற்றைக் கிழிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் மறைவு கிடைக்கிறது. அந்த மறைவில் போகிறவளுக்குப் பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் முன்னால் போவது தண்டனை, பின்னால் போவது சலுகை. அந்தத் தண்டனையை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் நாகரிகம். கொஞ்ச நேரம் முன்னால் இழுக்க வேண்டும். களைத்ததும் முழங்கையை லேசாக ஆட்டிக் காட்டி ஒதுங்க வேண்டும்; அடுத்தவள் பொறுப்பேற்பாள். முறை வரும்போது ஒளிந்துகொண்டு, கடைசியில் மட்டும் பாய்ந்து ஜெயிக்கிறவளை யாருக்கும் பிடிக்காது.

"ஓசிக் கிராக்கி," என்றார் முனிராஜ். "நம்ம ஊர்ல லாரி பின்னாடி சங்கிலியப் புடிச்சுக்கிட்டு வர்ற பைக்குக்காரனுங்க மாதிரி."

கெலமங்கலம் தாண்டிப் பொட்டல் வந்தது. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தது. கண் முன்னாலேயே கூட்டம் கோணலாக மாறிச் சாலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சாய்ந்த விசிறியாக விரிந்தது. பக்கக் காற்றுக்கு மறைவு பக்கத்தில்தான் கிடைக்கும். அந்த விசிறியில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் சாலை ஓரத்து மண்ணில் ஒற்றை வரிசையாகக் காற்றைத் தின்றார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, விசில் ஊதவில்லை. எங்கள் கம்பெனி கேண்டீனில் தட்டு வாங்க வரிசை நிற்க வைப்பதற்கே இரண்டு செக்யூரிட்டி வேண்டும்.

பவித்ராவுக்கு விசிறியில் இடம் இல்லை. அவள் ஒரு சக்கரத்தின் பின்னால் நுழையப் போவாள். பக்கத்தில் இருப்பவள் தோளை வைத்து அந்த இடத்தை மூடுவாள். அடுத்த இடத்துக்குப் போவாள், அதுவும் மூடும். நெரிசலான பஸ்ஸில் யாரும் நகராத மாதிரி, ஆனால் அதைவிடக் கல்நெஞ்சாக.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பிரேக்," என்றார் மார்த்தா. "பார்."

பார்த்தேன். சாலையில் சின்ன மேடு வந்தாலும், ஓரத்தில் ஒரு மாடு தலையைத் தூக்கினாலும் பவித்ராவின் விரல் பிரேக்குக்குப் போனது. நம் சாலைகளில் அப்படித்தான் உயிரோடு இருக்கிறோம். வேகத்தடைக்கு முன்னால் பலகை இருக்காது, மாடு யோசிக்காது, எதிரில் வருகிற டிராக்டருக்கு லைட் இருக்காது. ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தி பிரேக்கைத் தொட்டால் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள். அதனால் யாரும் தொடுவதில்லை. பள்ளம் வந்தால் முன்னால் போகிறவள் கையைக் கீழே நீட்டிக் காட்டுகிறாள்; அந்தக் கை பின்னுக்குப் பின்னாகக் கடைசி ஆள்வரை போகிறது. முன்னால் போகிறவள் காட்டாத பள்ளம் இல்லை என்று நம்பித்தான் மற்றவர்கள் கண்ணை மூடாத குறையாகப் பறக்கிறார்கள். தனியாகவே ஓட்டிப் பழகிய பவித்ராவுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அதனால் அவர்களுக்கும் அவள்மேல் வரவில்லை.

காற்று அவளைக் கூட்டத்திலிருந்து உதிர்த்தது. எங்கள் காருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து முனிராஜுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"கண்ணு, கதவப் புடிச்சுக்கோ. யாரும் பாக்கல. அண்ணன் இழுத்துட்டுப் போயி வுட்டுடறேன்."

"வேணாங்ண்ணா," என்றாள் பவித்ரா. அவ்வளவுதான். நடுவரின் மோட்டார் சைக்கிள் எங்கிருந்தோ முளைத்து விசில் அடித்தது. காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கும்போது ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொள்வதைக் கண்டும் காணாமல் விடுவார்களாம். கதவைப் பிடிப்பது குற்றம். முனிராஜ் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு ராயக்கோட்டைத் தக்காளி மாதிரி சிவந்துபோனார்.

மறுநாள் பாதை அந்த ராயக்கோட்டை வழியாகவே போனது. மண்டி வாசலில் தக்காளிக் கூடைகளை ஒதுக்கி வழி விட்டிருந்தார்கள். மூட்டைகள்மேல் ஏறி நின்று ஜனங்கள் கத்தினார்கள். அங்கேதான் முதல் இடத்தில் இருந்த இனேஸுக்கு டயர் பஞ்சர் ஆனது.

இனேஸ் ஸ்பெயின்காரர். எங்கள் அணி இல்லை. முதலிடக்காரிக்கான மஞ்சள் சட்டை அவர் மேல் இருந்தது. அதைவிட, கூட்டத்தில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டார்கள். இப்போது அவர் நின்றுவிட்டார். அவரை முந்துவதற்கு இதைவிட நல்ல நேரம் ஏது? நான் சீட்டு நுனிக்கு வந்தேன். ஆனால் கூட்டம் மிதிப்பதையே நிறுத்தியது. சும்மா உருண்டது. சிலர் பிஸ்கட் தின்றார்கள். ஒருத்தி சட்டைப் பையிலிருந்து வெள்ளித் தாளில் சுற்றிய சோற்றுருண்டையை எடுத்துப் பக்கத்தில் வந்தவளுக்குப் பாதி பிட்டுக் கொடுத்தாள். இனேஸ் சக்கரம் மாற்றித் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் பந்தயம் மறுபடியும் பந்தயமானது.

"சட்டமா?" என்று மார்த்தாவைக் கேட்டேன்.

"இல்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மீறினால் அபராதமும் கிடையாது. மீறியவள் அப்புறம் எந்தச் சக்கரத்தின் பின்னாலும் இடம் கேட்க முடியாது, அவ்வளவுதான்."

ஊர் தாண்டியதும் இன்னொரு எழுதாத ஏற்பாடு. இனேஸ் கையைத் தூக்க, மொத்தக் கூட்டமும் ஒரு தக்காளித் தோட்டத்து ஓரம் நின்று, செடி மறைவுக்குள் போனது. முனிராஜ் பதறிக் காரை எதிர்ப்பக்கம் திருப்பி, தலையையும் திருப்பி, கண்ணாடியையும் மடக்கினார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம்மா, இத்தினி பொண்ணுங்களுக்கும் ஒரே நேரத்துலயா வருது?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"தனியா நின்னா முன்னாடி போறவங்கள புடிக்க முடியாதுங்க. அதனால சொல்லி வெச்சு ஒண்ணா நிக்கறாங்க."

"நல்ல ஏற்பாடுதான். நாங்களும் அப்படித்தான் போறோம், துணைக்கு," என்றார் அவர், பந்தயத்தின் மொத்தத் தத்துவத்தையும் தெரிந்துகொண்ட முகத்தோடு.

அன்று சாயந்திரம் ஓசூர் லாட்ஜில் சாப்பாடு. வெளிநாட்டுப் பெண்கள் வெறும் சோற்றில் எண்ணெய் ஊற்றித் தின்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. முனிராஜ் வெளியிலிருந்து களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வாங்கிவந்து நடுமேஜையில் வைத்தார். மார்த்தா களியை மென்று பார்த்தார். "மெல்லக் கூடாது, முழுங்கணும்," என்று சொன்னேன். முழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "இதைத் தின்றுதான் பவித்ரா மலை ஏறுகிறாளா?" என்று மறுபடியும் கை நீட்டினார்.

பவித்ரா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்க ஊரு வழியா போறோம். எங்கம்மா வாசல்ல நிப்பாங்க. கூட்டத்துக்குள்ள வந்தா என்னக் கண்டே புடிக்க முடியாதுக்கா."

அதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பந்தயம் ஒருத்தியின் சொந்த ஊரைத் தாண்டும்போது, அவள் கேட்டுக்கொண்டால் கூட்டம் அவளை முன்னால் போக விடும். அவள் போய் வீட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டும். இனேஸிடம்தான் கேட்க வேண்டும். பவித்ராவுக்கு இங்கிலீஷ் தயக்கம். நான் கூடப் போய் நின்று சொன்னேன்.

இனேஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா இருப்பாரா?"

"இருப்பார்."

"அப்படியானால் போ. ஆனால் நின்று பார். இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். நாங்கள் வந்து உன்னைத் தாண்டிய பிறகுதான் நீ ஏற வேண்டும்." பிறகு என்னிடம், "தெளிவாகச் சொல். விட்ட வழியில் ஓடிப்போனவர்கள் உண்டு," என்றார்.

தெளிவாகச் சொன்னேன். பவித்ரா தலையாட்டினாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் அப்பா மாதையன் மாட்டுக்கொட்டகையில் இருந்தார் போல; மாடு கத்தியது.

"அப்பா, நாளைக்கு நம்ம ஊருக்கு நான்தான் முன்னாடி வருவேன். நான் மட்டும்."

"முன்னாடியா? மத்தவங்க?"

"பின்னாடிதான் வருவாங்க."

மறுமுனையில் யாரோ விசில் அடித்தார்கள். இந்தப் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டும் எனக்கு எந்த உறுத்தலும் வரவில்லை. எங்களுக்குள் அது மரியாதை நிமித்தம் விட்ட வழி. போனில் கேட்டவர்களுக்கு அவள் ஜெயித்துக்கொண்டு வருகிறாள்.

மூன்றாம் நாள் பாதை தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுக்குள் அஞ்செட்டிக்கு இறங்கி, திரும்பி அதே மலையை ஏறி முடிவது. யானை கடக்கும் இடம் என்ற பலகைகளைப் பார்த்து மார்த்தா, "உண்மையாகவா?" என்றார். "ஆனை வந்தா எல்லாரும்தான் பிரேக் புடிக்கணும்," என்றார் முனிராஜ். ஆனை வரவில்லை. அஞ்செட்டியில் திரும்பி மலையடிக்குப் போகும் வழியில், இனேஸ் பின்னால் பார்த்துத் தலையசைத்தார். கூட்டம் தளர்ந்தது. பவித்ரா ஓரமாக முன்னேறித் தனியாகக் கிளம்பினாள். நடுவர் அனுமதி கொடுக்க, எங்கள் கார் அவள் பின்னால் போனது.

வளைவு தாண்டியதும் ஊர். பம்பை அடித்தார்கள். பந்தயச் சட்டை போட்ட பவித்ராவின் படத்தோடு ஃபிளெக்ஸ் பேனர். அவள் நின்றாள். இரண்டு காலும் தரையில். அம்மா ஆரத்தி சுற்றி, புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்து, சொம்பில் மோர் கொடுத்தார். மாதையன் சைக்கிளின் ஹேண்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலையோடு அவள் சிரித்த சிரிப்பை அந்த மூன்று நாளில் நான் பார்த்ததில்லை.

"அட, நின்னது போதும், கெளம்பு கண்ணு!" என்றார் தாய்மாமன் சென்னப்பன்.

"இல்ல மாமா. அவங்க வந்து தாண்டணும். அப்புறந்தான் போவேன்."

"எவ வருவா? திரும்பிப் பாரு."

பார்த்தோம். வளைவில் சாலை தெரியவில்லை. ஆடுகள்தான் தெரிந்தன. ஊரின் பட்டிகள் அத்தனையும் திறந்து விடப்பட்டிருந்தன. வெள்ளாடு, செம்மறி, நடுவே நாலைந்து எருமைகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் பந்தயக் கூட்டமும் நடுவர் காரும் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன.

"நாங்க அடைச்சுட்டோம்," என்றார் சென்னப்பன், மீசையைத் தடவி. "மலை ஏறுற வரைக்கும் உன்ன ஒருத்தியும் புடிக்க மாட்டா. ஜெயிச்சுட்டு வா, ராத்திரிக்குக் கெடா வெட்டறோம்."

மார்த்தா முன் சீட்டிலிருந்து திரும்பி என்னைத் தட்டினார். "என்ன சொல்கிறான்?"

 சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். மார்த்தா முன்னால் பார்த்தார். மலைச்சாலை காலியாகக் கிடந்தது. ஏறத் தெரிந்தவளுக்காகவே போட்ட மாதிரி.

"வேண்டுமென்று செய்தது என்று பந்தயத்தில் அவளுக்கும் நம் மூன்று பேருக்கும்தான் தெரியும்," என்றார். "நடுவருக்கு இது சாலையில் வந்த ஆடு. அவள் இப்போது போனால் இன்றைக்கு ஜெயித்துவிடுவாள்."

"நான் போய் நிற்கச் சொல்லட்டுமா?"

"கூடாது. போ என்றும் சொல்லக் கூடாது, நில் என்றும் சொல்லக் கூடாது."

முனிராஜ் என்ஜினை அணைத்தார். பவித்ரா மலையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஊர் மொத்தமும் "போ, போ" என்று கத்தியது. மோர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். மாலையைக் கழற்றி அப்பா கையில் வைத்தாள். சைக்கிளைத் தார்ச்சாலையிலேயே படுக்கப் போட்டாள். பிறகு ஓடினாள், மலைப்பக்கம் இல்லை, ஆடுகளை நோக்கி. பெடலில் மாட்டிக்கொள்வதற்காகப் பந்தயச் செருப்பின் அடியில் இருக்கும் இரும்பு டக்டக்கென்று தார்ச்சாலையில் அடித்தது. நாக்கை மேலண்ணத்தில் உருட்டி ஒரு சத்தம் கொடுத்தாள் பாருங்கள், முன்னால் நின்ற கிடா காதைத் திருப்பியது. இன்னொரு சத்தம். மந்தை அப்படியே இரண்டாகப் பிரிந்து கொல்லைக்குள் இறங்கியது. எருமையை மட்டும் கையால் முதுகில் அறைந்து தள்ள வேண்டியிருந்தது.

சாலை திறந்தது. கூட்டம் வந்தது. பவித்ரா வியர்வையோடு ஓரத்தில் நின்றாள். யாரும் நன்றி சொல்லவில்லை, நிற்கவும் இல்லை. இனேஸ் மட்டும் தாண்டும்போது தலையைக் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் இருந்தன.

கடைசி ஆளும் போன பிறகு அவள் ஏறினாள். பின்னால் சென்னப்பன் கத்தியது காருக்குள் கேட்டது: "முன்னாடி வந்தவ நின்னு ஆடு ஓட்டறாடா! ஊரு மானம் போச்சு!" கண்ணாடியில் பார்த்தேன். பம்பை நின்றுவிட்டது. மாதையன் மாலையைப் பிடித்தபடி நடுச்சாலையில் நின்றார்.

அன்று அவள் கூட்டத்தின் வாலைப் பிடித்ததே பெரிய விஷயம். யாரோ ஜெயித்தார்கள். சாயந்திரம் மாமன் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. அணியில் காலியாக இருந்த இடத்தைப் பற்றி மார்த்தா வாய் திறக்கவில்லை. முனிராஜ் வாங்கி வந்த களி அப்படியே ஆறியது.

"நான் பண்ணது தப்பாக்கா?" என்று கேட்டாள்.

களித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "சாப்பிடு," என்றேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் சிப்காட் சாலைகளைச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம். கம்பெனி பஸ்கள் இல்லாத அந்தச் சாலைகள் அவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது. சின்னச் சுற்று என்பதால் எங்கள் காருக்கு வேலை இல்லை. நான் ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து மாதையன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. அதில் கொள்ளு உருண்டை.

"ஜெயிச்சுடுவாளாம்மா?" என்றார்.

"அவ ஜெயிக்க வரலீங்க. அவங்க அணித் தலைவிக்குக் காத்து மறைச்சுக் குடுக்கறதும் தண்ணி கொண்டு போறதுந்தான் அவ வேல."

"கூலி வேலையா?"

"அப்படி இல்லீங்க..." என்று ஆரம்பித்தேன்.  அதற்குள் கூட்டம் வந்தது. அவர் முதல் ஆளை மட்டும் பார்த்தார், பவித்ரா இல்லை, முகம் வாடியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் நான் அவர் கையைப் பிடித்துக் காட்டினேன். "நடுவுல பாருங்க. ஓரமா, பச்சைச் சட்டை."

சாலையோரத்தில் அணிக்காரர்கள் கொடுத்த தண்ணீர் பாட்டில்களை முதுகு நிறையச் செருகிக்கொண்டு பவித்ரா கூட்டத்தின் ஓரமாக முன்னேறி வந்தாள். அவள் தலைவி நடுவில், ஐந்தாறு பேர் சூழப் போய்க்கொண்டிருந்தார். முதல் நாள் இந்த இடத்தில்தான் தோள்கள் மூடும். 

இனேஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் முன் சக்கரத்தை முன்னால் போகிறவளின் சக்கரத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். கொஞ்சம்தான், ஒரு சைக்கிள் நுழையும் அகலம். பவித்ரா உள்ளே போனாள். அவள் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்தாள். அதற்கடுத்தவள் நகர்ந்தாள். மின்னல் வேகத்தில் போகும் அந்த இரும்புக் கூட்டத்துக்குள் ஒரு வழி திறந்து, அவள் போகப் போகப் பின்னால் மூடிக்கொண்டே வந்தது. முந்தின நாள் மந்தை பிரிந்தது நினைவு வந்தது. ஆனால் இங்கே யாரும் சத்தம் கொடுக்கவில்லை. சாலையில் மூடி பெயர்ந்த ஒரு சாக்கடைப் பள்ளம். பவித்ரா கையைக் கீழே நீட்டிக் காட்டினாள். அவள் காட்டியதைப் பின்னால் இருந்தவள் காட்டினாள், அவளுக்குப் பின்னால் இருந்தவள் காட்டினாள். ஒருத்தியும் பிரேக்கைத் தொடவில்லை.

மாதையன் வாயைத் திறந்தபடி நின்றார். கூட்டம் திரும்பி மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்தார்.

"உள்ள வுடறாங்க," என்றார்.

"ஆமாங்க."

"புது மாட்ட மந்தை அவ்வளவு சீக்கிரம் சேக்காதும்மா." கொள்ளு உருண்டைப் பையைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தார். டீக்கடைக்காரருக்கு ஒன்று கொடுத்தார். "சென்னப்பனுக்கு நான் சொல்லிக்கறேன்."

பந்தயம் முடிந்து சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மார்த்தா என்னைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "அவளிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேள்."

கேட்டேன். பவித்ராவின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "இல்லக்கா," என்றாள். "அது எங்கக்கா வாங்கணும்?"

என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் முன்னால் அவளுடையதில் விழப் போகிறது. எனக்குச் சுருக்கென்று இருந்தது, மறைப்பானேன். ஆனால் அதை வாங்கும் வழி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். எந்தக் கவுண்டரில் எந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், எதைத் தராவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று ஒவ்வொன்றாக முட்டி மோதிக் கற்றவள் நான்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். இ-சேவை மையத்துக்கு நான் ஸ்கூட்டியில் முன்னால்; ஏறிக்கொள் என்றதற்கு மாட்டேன் என்றுவிட்டுப் பவித்ரா தன் சைக்கிளில் பின்னால். தேன்கனிக்கோட்டை சாலையில் எதிர்க்காற்று. கண்ணாடியில் பார்த்தேன். அவள் முன் சக்கரம் என் நம்பர் பிளேட்டுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. தலையைக் குனிந்து, என் முதுகு மறைவில், சுகமாக மிதித்துக்கொண்டு வந்தாள்.

எதிரே வேகத்தடை. பலகை இல்லை. வழக்கம்போல என் விரல் பிரேக்குக்குப் போனது.

எடுத்துவிட்டேன். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, இடது கையைக் கீழே நீட்டிக் காட்டினேன்.